மரம் போன்ற கதவும் ஆறு பிளக் பாயிண்டும்

கடையிலிருந்து,
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அடிக்கோல் வைத்தது போல வரி நேராகப் போகிறது. உடம்பு சரியில்லாதவர்களுக்கு இப்படி எழுத வராது. மனசு சரியில்லாதவர்கள்தான் இத்தனை கவனமாக எழுதுவார்கள்.

கடை முகவரிக்கு, 'உரிமையாளர்' என்று போட்டு எழுதியிருக்கிறீர்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கராஜுக்கு மரம் போலத் தெரிகிற கதவு வேண்டும், என்ன விலை, விலை எதனால் கூடும் குறையும், சுருக்கமாகத் தெரிவிக்கவும் என்று இரண்டு பக்கம். கூடவே கராஜின் வரைபடம் ஒன்று. என் மகள் உங்கள் வீட்டை விட்டு இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. போன் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற பேச்சு. ஆனால் கடையில் போனை எடுப்பது அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைத்தீர்கள். நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாக முடியாது. எடுத்த எடுப்பில் விலை சொல்கிறவனிடம் கதவு வாங்காதீர்கள். அவன் எதையோ விட்டுவிட்டுத்தான் சொல்கிறான்.

முதலில் அகலம். உங்கள் வாசல் பதினாறு அடி நாலு அங்குலம் என்று போட்டிருக்கிறீர்கள். கம்பெனியில் பதினாறு அடிக்கு அச்சு இருக்கிறது. அந்த நாலு அங்குலத்துக்காகத் தனியாகப் பலகை செய்யச் சொன்னால் விலையில் கால் பங்கு ஏறிவிடும், ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டும். கொத்தனாரை விட்டு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கட்டிப் பூசச் சொல்லுங்கள். அரை நாள் கூலியோடு போகும். இதைச் சொன்னதால் எனக்கு நஷ்டம்தான். பரவாயில்லை.

அளக்கும்போது மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். எந்தச் சுவரும் ஒரே அகலத்தில் இருக்காது. மூன்றில் எது குறைவோ அதுதான் எங்களுக்கு அளவு. நீங்கள் மேலே மட்டும் அளந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சரக்கு. மரம் மாதிரி என்பதில் மூன்று தினுசு உண்டு. இரும்புத் தகட்டின் மேல் மர ரேகையை அச்சடித்தது மலிவு. அச்சில் ஊற்றிய பைபர் நடுத்தரம். ரேகை கைக்குத் தட்டுப்படும். இரும்புக் கதவின் மேல் செயற்கைப் பலகைகளை ஒட்டித் திருகியது உசத்தி. பத்தடி தூரத்தில் நின்றால் தச்சனே ஏமாந்துபோவான். உங்கள் வாசல் மேற்கே பார்க்கிறது. மாலை வெயில் நேராக விழும். மலிவான அச்சை வாங்கினால் மூன்றே வருஷத்தில் தேக்கு நிறம் தேய்ந்து, பால் அதிகமான டீ மாதிரி ஆகிவிடும். பைபர் போதும்.

எதை வாங்கினாலும் எங்கள் ரசீதின் தலையில் 'இது மரம் அல்ல' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உங்கள் கல்யாணத்தின்போது கடையைச் சுற்றிப் பார்த்தீர்களே, அன்றைக்கு அதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். காரணத்தை அப்போது சொல்லவில்லை. இடித்த வீடுகளிலிருந்து பழைய கதவு வாங்கி ரோட்டோரம் சாத்திவைத்து விற்றவள் நான். முதன்முதலாகக் கடை பிடித்தபோது, ஒரு பல் டாக்டரம்மாவுக்கு அச்சடித்த கதவை மரம் என்று சொல்லி விற்றுவிட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கதவில் சாவியால் ஒரு கோடு கிழித்தார். உள்ளே தகடு பல்லை இளித்தது. அவர் சத்தம் போடவில்லை. "நானும் பொய்ப் பல்லு கட்டுறவதான். ஆனா பொய்ப் பல்லுன்னு சொல்லித்தாம்மா கட்டுறேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. ரசீதில் எழுதிக் கொடு என்றார். அன்றைக்கு எழுதியதுதான் இன்றுவரை ஓடுகிறது. அதனால் ஒரு வியாபாரமும் கெட்டதில்லை. மரம் இல்லை என்று தெரிந்தே ஜனங்கள் சந்தோஷமாக வாங்குகிறார்கள். மாதிரி என்பதில் குற்றமே இல்லை மாப்பிள்ளை, சொல்லிவிட்டால்.

இனிமேல்தான் விலை நிஜமாக மாறுகிற இடம். கதவின் கனம். ஒற்றைத் தகடா, அல்லது இரண்டு தகட்டுக்கு நடுவில் நுரை அடைத்ததா? கார் நிற்பதற்கு ஒற்றைத் தகடு தாராளம். காருக்கு வேர்க்காது. உள்ளே மனிதர் உட்கார்ந்து வேலை செய்வதாக இருந்தால் நுரை அடைத்ததுதான் போட வேண்டும், இல்லையென்றால் மேற்கு வெயிலில் அறை அடுப்பாகிவிடும். நுரை அடைத்தால் கதவு கனக்கும். கனத்தால் ஸ்பிரிங் மாறும். கதவைத் தூக்குவது மோட்டார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தூக்குவது ஸ்பிரிங்; மோட்டார் சும்மா கை கொடுக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்கு இத்தனை தடவை திறக்கலாம் என்று ஓர் ஆயுள் உண்டு. கார் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்வரும். பட்டறை என்றால் இருபது தடவை. அதற்கு வேறு ஸ்பிரிங், வேறு விலை. ஒவ்வொரு தடவையும் முழுக் கதவையும் தூக்காமல் ஆள் மட்டும் நுழைய உள்ளேயே சின்னக் கதவு வைத்தால் அதற்கும் தனியாக ஆகும்.

ஆகவே கதவின் விலையைக் கதவிடம் கேட்டுப் பயனில்லை. உள்ளே என்ன இருக்கப் போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் அதை எழுதவில்லை. ஆனால் வரைபடம் எழுதியிருக்கிறது.

இடது சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சின்னச் சின்னதாக ஆறு வட்டம். என் கடையில் முப்பது வருஷமாக வரைபடம் பார்க்கிறேன். அது பிளக் பாயிண்ட். பக்கத்திலேயே மூன்று 'பேஸ்' மின்சாரத்துக்கும் ஒரு குறி. கார் நிறுத்த ஆறு பிளக் பாயிண்ட் எதற்கு? உங்கள் கார் என்ன, கம்பளியா நெய்கிறது?

இனி மனம் விட்டு எழுதுகிறேன். அவள் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. சொன்னது இதுதான். உங்கள் மேலதிகாரியும் அவர் மனைவியும் மாலை டீக்கு வருவதாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில், அவள் பழுது பார்க்க எடுத்துச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார்கள் இருந்தன. நீங்கள் அவற்றின்மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடினீர்கள். அதில் ஒன்றை அவள் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. விரிப்புக்குள்ளிருந்து உர்ரென்று சத்தம். அது என்ன என்று அந்த அம்மா கேட்டதற்குப் பழைய ஃபிரிட்ஜ் என்றீர்கள். உங்கள் மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்றீர்கள். அவள் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அந்த மாதம் உங்கள் தெருவில் மட்டும் பதினோரு மோட்டாரைப் பிழைக்க வைத்திருக்கிறாள்.

மறுநாள் ஸ்பேனர் பெட்டியோடு வந்து இறங்கினாள். புடவைப் பெட்டி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதிலிருந்தே எது அவளுக்கு முக்கியம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். உங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு நாள், காயில் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நான் செய்யறது அவருக்குப் பிடிக்கலன்னா சண்டை போட்டிருப்பேன்மா. பிடிச்சிருந்தும் மூடினாரு பாரு."

இப்போது நம் கடையின் மோட்டார் வேலை முழுக்க அவள் கையில். எல்லாருக்கும் கொடுக்கிற சம்பளம்தான் அவளுக்கும். மகள் என்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவளை அனுப்பிவைத்தால் எனக்குத்தான் நஷ்டம். அதனால் 'பொண்ண எப்படியாவது தள்ளிவிடப் பாக்குறாங்க' என்று நீங்கள் நினைக்க வழியில்லை. அவள் போக வேண்டும் என்று நினைத்தால் போவாள். இருக்க வேண்டும் என்றால் இருப்பாள். இதில் யார் வந்து பேசினாலும் நான் அசைய மாட்டேன், உங்கள் மாமா உட்பட. அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பத்து வார்த்தையில் நாலு 'டேப் எங்க' என்பதாக இருக்கும். மீதி ஆறையும் நேற்று உங்களுக்காகச் செலவழித்துவிட்டார்: "மாப்பிள்ளைகிட்டப் போயா விலை பேசுவ? சும்மா கொடுத்துடு." முடியாது என்றேன். இனாமாக வந்த கதவு கிறீச்சிட்டால் யாரும் கேட்க வாய் வராது. காசு கொடுத்தவருக்குத்தான் கேட்கிற உரிமை. நீங்களும் கேளுங்கள், நாங்களும் கேட்கிறோம்.

தனித் தாளில் இரண்டு விலை போட்டிருக்கிறேன். ஒன்று கார் நிற்கிற அறைக்கு. மற்றொன்று ஆள் இருக்கிற அறைக்கு: நுரை அடைத்தது, பெரிய ஸ்பிரிங், சத்தம் போடாத பெல்ட் மோட்டார், நடுவில் சின்னக் கதவு. இரண்டாவது, முதல் விலையைப் போல் ஒன்றரை மடங்கு. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெருவில் போகிற எவருக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்று. கண்ணாடியை மேல் வரிசையில், வளைவாகக் கேட்டிருக்கிறீர்கள். வெளியே இருந்து பார்க்க அழகு. உள்ளே உட்காருபவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். ஆள் இருக்கிற அறை என்றால், கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடியில் வர வேண்டும் என்று எழுதுங்கள். அந்த அளவை நான் சொல்ல முடியாது.

மூன்று இடத்து அகலத்தையும், வாசல் தலைக்கு மேலே கூரை வரை விட்டிருக்கும் இடத்தையும் அளந்து, எந்த விலை என்று குறியிட்டு அனுப்புங்கள். ரசீதில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். சுவருக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை

கடையிலிருந்து,
ஐந்து வாரம் கழித்து, சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் மூன்று வாரம் முன்பே வந்துவிட்டது; கதவு வந்து இறங்கட்டும் என்று பதிலை நிறுத்தி வைத்தேன். இந்த முறை வரி கோணல்மாணலாகப் போகிறது. பார்த்ததும் நிம்மதியாக இருந்தது.

நீங்கள் அனுப்புவதற்கு முன் இங்கே நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்கள் வரைபடத்தை நான் அவளிடம் நீட்டவில்லை. நீட்டினால் அது சமாதானத் தூது மாதிரி ஆகிவிடும்; அவளுக்குத் தூது என்றாலே ஆகாது. அவள் மேஜைக்கு மேலே வேலைத் தாள்களைக் குத்தி வைக்கிற ஆணியில் அதையும் சேர்த்துக் குத்திவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு நாள் அவள் தொடவில்லை. மேலே இருந்த தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் அது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், தாள் மேஜைமேல். இடது சுவரிலிருந்த ஆறு வட்டத்தையும் ரப்பரால் அழித்து, வலது சுவரில் ஏழு போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இடது கைக்காரிக்குக் கதவு வெளிச்சம் வலது பக்கமிருந்து வர வேண்டும்.'

நம் கடையில் கதவு மாட்டுகிற ஆள், தொப்பி போட்டால் நிலையில் இடிக்கிற உயரம், அதனால் எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, 'அக்கா ஊருக்குக் கிளம்பியாச்சா' என்று கேட்டுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் நாலு அங்குலம் குள்ளமாகிவிட்டான். "தப்பா வயரிங் பண்ணினா யார் வீடா இருந்தாலும் திருத்துவேன்" என்றாள். திருத்திய அந்தத் தாளைத்தான் மறுநாள் உங்களுக்கு அனுப்பினேன். என் கடிதம் எதுவும் அதில் வைக்கவில்லை. தாளே போதும் என்று தோன்றியது.

இப்போது உங்கள் கடிதம். மூன்று இடத்திலும் அளந்திருக்கிறீர்கள். கீழே அரை அங்குலம் குறைகிறது, நான் நினைத்தது சரி. நாலு அங்குலத்தைக் கட்டிப் பூசியாகிவிட்டது, நல்லது. இரண்டாவது விலைக்குக் குறியிட்டிருக்கிறீர்கள். கண்ணாடிக்கு மூன்றடி பத்து அங்குலம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு விளக்கம்: அவள் உட்காரும் ஸ்டூல் உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது என்றும், அதில் உட்கார்ந்தால் அவள் தோள் உங்கள் சட்டையின் எந்தப் பொத்தானுக்கு வரும் என்பது நினைவிருக்கிறது என்றும், அங்கிருந்து கண் வரை கணக்கிட்டதாகவும். முப்பது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் எனக்குப் பொத்தானை வைத்து அளவு அனுப்பியதில்லை. சரிபார்ப்பதற்காக உங்கள் மாமா டேப்பை எடுத்துக்கொண்டு போய், அவள் இங்கே அதே உயர ஸ்டூலில் இருக்கும்போது பின்னால் நின்று அளந்துவிட்டு வந்தார். கால் அங்குலம்தான் வித்தியாசம். நல்ல அளவு.

அடுத்த பக்கத்தை நான் கடையிலேயே, எல்லார் காதிலும் விழும்படி உரக்கப் படித்தேன். அது உங்களிடம் கேட்காமல் செய்தது. மன்னிக்க வேண்டாம், வேண்டுமென்றேதான் செய்தேன். உங்கள் மேலதிகாரியையும் அவர் மனைவியையும் பாதி முடிந்த வீட்டுக்கு அழைத்துப் போனதையும், கராஜில் நின்று, "இது என் மனைவியோட பட்டறை. அன்னைக்கு உர்ருன்னது ஃபிரிட்ஜ் இல்ல, அவ ஓடவிட்ட மோட்டார். நான்தான் மூடி வச்சேன்" என்று சொன்னதையும் படித்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, ஃபிரிட்ஜ் சாப்பாட்டு மேஜைமேல் இருந்ததை அன்றைக்கே கவனித்தேன் என்றாராமே. அதோடு அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஆறு மாதமாகக் கிடக்கிறது, எப்போது கொண்டுவரலாம் என்றும் கேட்டாராம். இங்கே நெட்டைக்கு அடக்க முடியாத சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. நான் படிக்க ஆரம்பித்தபோது துளை போடும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 'நான்தான் மூடி வச்சேன்' என்ற இடத்தில் நின்றது. நான் முடித்து, தாளை மடித்து, உறையில் போடும் வரை ஓடவில்லை. அப்புறம் கேட்டாள்: "தண்ணி மோட்டார் எத்தனை குதிரை சக்தின்னு எழுதியிருக்காரா?" எழுதவில்லை என்றேன். "முக்கியமானத எப்பவும் விட்டுடுவாரு" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டாள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நாலு வருஷம் கூட வாழ்ந்தவர் நீங்கள்.

கதவு நேற்றுக் கம்பெனியிலிருந்து வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். தேக்கு ரேகை நன்றாக வந்திருக்கிறது. சின்னக் கதவின் பூட்டு மட்டும் மட்டமாக இருந்தது. என் செலவில் வேறு மாற்றியிருக்கிறேன். திங்கட்கிழமை லாரி கிளம்பும், புதன் மாலை உங்கள் வாசலில் நிற்கும். நெட்டை கதவை மாட்டுவான், ஒரே நாள் வேலை. ஸ்பிரிங்கை முறுக்கும்போது யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். கை போய்விடும், விளையாட்டில்லை.

மோட்டார் பொருத்த நெட்டைக்குத் தெரியாது. அதற்குத் தனி ஆள் வருகிறாள். போவதா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் 'மோட்டார் பொருத்துநர்' என்ற இடத்தைக் காலியாக விட்டு மேஜையில் வைத்தேன். அவளே பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள், இடது கையால், மெதுவாக. ஸ்பேனர் பெட்டி லாரியில் ஏறுகிறது. புடவைப் பெட்டி இங்கேயே இருக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பில்லை இதோடு வைத்திருக்கிறேன். தலையில் வழக்கமான வரி இருக்கிறது. கதவு, ஸ்பிரிங், மோட்டார், லாரி, கூலி எல்லாம் பேசியபடி. கடைசிக்கு முந்தின வரியில் நெட்டை வந்துபோகும் செலவு. கடைசி வரியில் மோட்டார் பொருத்துநர் வந்துபோகும் செலவு. அதில் 'வர' ஒரு தொகை, 'போக' ஒரு தொகை. உங்கள் மாமா அந்தப் 'போக' என்பதை அடித்துவிடச் சொல்லி இரண்டு நாளாக என் பின்னாலேயே சுற்றுகிறார். நான் அடிக்கவில்லை. செய்யாத வேலைக்குக் காசு வாங்குவதும் தப்பு, அவள் அங்கே தங்கிவிட்டதாக, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவதும் தப்பு. அவளிடமும் கேட்டேன். "அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டும் மாப்பிள்ளை. அந்த வரியை நானும் அடிக்க முடியாது, நீங்களும் அடிக்க முடியாது. கதவு மாட்டி முடிந்து, அவள் ஸ்டூலை வலது சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஒரு தடவை வெளியே பார்க்கட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று எதையும் விளக்காதீர்கள். பில்லையும் ஒரு பேனாவையும் அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, டீ போடப் போங்கள்.

அவள் அந்தப் 'போக' என்பதை அடித்துக் கொடுத்தால், புடவைப் பெட்டியை அடுத்த லாரியில் நானே ஏற்றி அனுப்புகிறேன். அதற்கு வாடகை வாங்க மாட்டேன்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை